இரண்டு மிடறு தண்ணீர்

ஐம்பத்தைந்து நிமிடம் பறக்கிற விமானத்தில் சாப்பாடு எதற்கு என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். கோயமுத்தூரில் ஏறி சென்னையில் இறங்குவதற்குள் ஒரு காபி குடித்தால் போதாதா என்பார்கள். நான் வேலை பார்த்த கம்பெனியும் இப்போது அப்படித்தான் யோசிக்கிறதாம். குறுகிய தூர விமானங்களில் முதல் வகுப்புக்குத் தட்டு வைத்துப் பரிமாறுவதை விட்டுவிட்டு, அட்டைப்பெட்டி கொடுத்துவிடலாமா என்று பேச்சு நடக்கிறதாம். அங்கே இப்போது வேலையில் இருக்கும் இரண்டு பேர் போன் செய்து, இருபத்தைந்து நிமிடத்தில் எட்டுப் பேருக்கு எப்படிப் பரிமாறி முடித்தோம் என்று எழுதித் தரச் சொன்னார்கள். மேலிடத்தில் காட்ட வேண்டுமாம். ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். அதை எழுதும்போது மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது வேறொரு விஷயம். அதை அந்தப் பக்கத்தில் எழுத முடியவில்லை. இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் சேவியர். அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடிப் பக்கமிருந்து திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். அங்கே நெருப்பெரிச்சல் என்ற பகுதியில் வாடகை வீட்டில் வளர்ந்தேன். பள்ளி முடித்து இரண்டு வருடம் நானும் கம்பெனியில் அயர்ன் டேபிளில் நின்றேன். பிறகு கேட்டரிங் டிப்ளமோ, கோவையில் ஓட்டல் வேலை, அங்கிருந்து விமானக் கம்பெனி. பயிற்சியில் தீயை அணைக்கவும், சறுக்குப் பாதையில் குதிக்கவும், மூச்சு நின்றவரின் நெஞ்சை அழுத்தவும் வாரக்கணக்கில் சொல்லிக் கொடுத்தார்கள். பரிமாறுவதற்கு மூன்றே நாள்தான். மீதியெல்லாம் சரோஜினி மேடத்திடம் கற்றது.

சரோஜினி மேடம் தாராபுரத்துக்காரர். எங்கள் விமானத்தின் கேபின் பொறுப்பாளர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒருவரையும் நீ என்று சொல்ல மாட்டார். குப்பை அள்ள வருகிற பையனும் அவருக்கு 'வாங்க, போங்க'தான். பயணிகள் ஏறுவதற்கு முன் முதல் வரிசையில் அவரே போய் உட்கார்ந்துகொள்வார். நான் ஒரு காலித் தட்டைக் கொண்டுபோய் அவருக்கு முன்னால் வைக்க வேண்டும். முதன்மை உணவு வயிற்றுப் பக்கம் இருக்க வேண்டும். கோப்பையின் காது, கடிகாரத்தில் நாலு மணி காட்டும் இடத்தில் நிற்க வேண்டும், அப்போதுதான் கை தானாகப் போய்ப் பிடிக்கும். தட்டை வைக்கும்போது என் முழங்கை அவர் முகத்துக்கு முன்னால் குறுக்கே போனால் ஒன்றும் சொல்லாமல் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மறுபடி வைக்க வேண்டும்.

பயணிகள் இருக்கும்போது யாரையும் திருத்த மாட்டார். 'அப்பறம் பேசிக்கலாமுங்க' என்பதோடு சரி. எல்லாம் முடிந்து, விமானத்திலிருந்து இறங்கி நிலையத்துக்கு நடக்கும் அந்த நூறு அடிக்குள் ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். அந்த நடைக்கு நான் பயந்த மாதிரி எந்த அதிகாரியின் அறைக்கும் பயந்ததில்லை.

இருபத்தைந்து நிமிடம் என்று சொன்னேன் அல்லவா? ஏறி முடித்து சீட் பெல்ட் விளக்கு அணையப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். இறக்கம் தொடங்கியதும் எல்லாத் தட்டும் உள்ளே போய்விட வேண்டும். நடுவில் கிடைப்பதுதான் எங்கள் நேரம். சாப்பாடு கிச்சனிலிருந்து சூடாகவே ஏறும். அடுப்பில் பத்து நிமிடம் வைத்தால் போதும். அந்தப் பத்து நிமிடத்தில் சூடான துண்டு கொடுத்து வாங்கி, மேசை விரித்து, துணி போட்டு, தண்ணீர் வைக்க வேண்டும். ஜன்னல் பக்கம் முதலில், பெண்கள் முதலில். ஆடி மாதத்தில் பாலக்காட்டுப் பக்கமிருந்து அடிக்கிற காற்று விமானத்தை உலுக்கும். அப்போது காபி அரைக் கோப்பைதான்.

எங்கள் முதல் வகுப்பில் வருகிறவர்களில் பாதிப்பேர் திருப்பூர்க்காரர்கள். பனியன் வாங்க வருகிற வெளிநாட்டு வியாபாரிகளை, அதாவது பையர்களைப் பார்க்கப் போகிறவர்கள், பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள். இவர்களுக்குப் பரிமாறுவதில் ஒரு வேடிக்கை உண்டு. சாப்பாட்டைப் பார்ப்பதற்கு முன் மேசைத் துணியைப் பார்ப்பார்கள். வேலுச்சாமி என்று ஒருவர் மாதம் இரண்டு தடவை வருவார். நெருப்பெரிச்சலில் பெரிய நிட்டிங் யூனிட் வைத்திருந்தார். துணியை விரித்த உடனே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, 'இது சோமனூர்த் தறிங்க, நூலை மட்டும் ஏமாத்தீட்டாங்க' என்பார். ஒருதடவை புதுத் துணி வந்தபோது என்னைக் கூப்பிட்டு, இதை மூன்று முறை துவைத்தால் சுருங்கிவிடும் என்றார். சுருங்கியது.

அவர் ஏழெட்டு மாதம் வரவே இல்லை. பக்கவாதம் வந்துவிட்டது என்று மற்றப் பயணிகள் பேசிக்கொண்டார்கள்.

பிறகு ஒருநாள் சக்கர நாற்காலியில் வந்தார். கூட அவருடைய மனைவி சரஸ்வதியம்மா. சென்னையில் ஒரு மருத்துவமனைக்குச் சிகிச்சைக்காகப் போகிறார்கள். வலது கை மடியில் அசையாமல் கிடந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. என்னை அடையாளம் தெரிந்து தலையசைத்தார். இரண்டாவது வரிசையில் ஜன்னலோரம் அவரை உட்கார வைத்தோம். சரஸ்வதியம்மா என்னிடம், "அவருக்கு நீங்க ஒண்ணும் குடுக்க வேண்டாமுங்க. நானே கஞ்சி கொண்டாந்திருக்கறனுங்க" என்றார். சரிங்கம்மா என்றேன். சாப்பாட்டைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சீட் பெல்ட் விளக்கு அணைந்ததும் சரஸ்வதியம்மா ஒரு எவர்சில்வர் பிளாஸ்க்கிலிருந்து கெட்டியான கஞ்சியை எடுத்துச் சிறு கரண்டியால் அவருக்கு ஊட்டினார். சுற்றியிருந்த ஆறு பேருக்கும் நான் தட்டு வைத்துக்கொண்டிருந்தேன். வேலுச்சாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாலைந்து கரண்டிக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு முன்னால் மட்டும் துணி இல்லை, தட்டு இல்லை. எனக்கு அது என்னவோ போல் இருந்தது.

சரஸ்வதியம்மா எழுந்து கழிவறைக்குப் போனார். அந்த நேரத்தில் வேலுச்சாமி இடது கையைத் தூக்கி என்னைக் கூப்பிட்டார். பக்கத்து மேசையில் இருந்த தண்ணீரைக் காட்டினார். "தண்ணி" என்றார். சொல் குழறினாலும் புரிந்தது. ஒரு பயணி கேட்டால் ஓடிப்போய்க் கொண்டுவருவது பழகிப்போன கால் எனக்கு. ஒரு கண்ணாடிக் குவளையில் கொண்டுவந்து, அவர் கை நடுங்குவதைப் பார்த்து, நானே பிடித்துக் குடிக்க வைத்தேன். இரண்டு மிடறு குடித்தார். முதலில் ஒன்றும் ஆகவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். நான் குவளையை எடுத்துக்கொண்டு சமையல் மேடைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது அவர் ஏதோ சொல்ல முயன்றார். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி கொப்பளித்தது. அடுத்து இருமல். இருமி இருமி முகம் கறுத்து உதடு நீலமானது. சரோஜினி மேடம் அதற்குள் வந்துவிட்டார். வேலுச்சாமியை முன்பக்கம் குனிய வைத்து, இருமவிட்டு, ஆக்சிஜன் சிலிண்டரை எடுத்து வரச் சொன்னார். சரஸ்வதியம்மா ஓடி வந்து கணவரைத் தாங்கிக்கொண்டார். அந்த அம்மா வாயிலிருந்து வந்தது எனக்கு இப்போதும் கேட்கிறது.

"நான் குடுத்த கஞ்சிதானுங்க பொரையேறிப் போச்சு. அவசரப்பட்டு ஊட்டீட்டனுங்க."

நான் ஆக்சிஜன் முகமூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

விமானம் இறங்க ஆரம்பித்திருந்தது. பைலட் தரையில் ஆம்புலன்ஸ் கேட்டார். இறங்குவதற்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கலாம். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் நான் எனக்குள் பேசிக்கொண்டிருந்தேன். யாரும் பார்க்கவில்லை. அவரால் சொல்ல முடியாது. கஞ்சியாகவும் இருக்கலாமே. வேலை போனால் என்ன ஆகும்? சொல்லித்தான் என்ன ஆகப்போகிறது? இதையெல்லாம் எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டு எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும்.

கதவு திறந்தது. ஆம்புலன்ஸில் வந்த மருத்துவர் ஏறி, என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். சரஸ்வதியம்மா கஞ்சி என்று சொல்லி, எத்தனை கரண்டி என்று எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

"கஞ்சி இல்லீங்கம்மா. நான் தண்ணி குடுத்தேன்" என்றேன்.

சரஸ்வதியம்மா திரும்பிப் பார்த்தார். "வெறுந் தண்ணியா குடுத்துப்போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். சத்தம் போடவில்லை. மருத்துவர் என் பக்கம் திரும்பி எவ்வளவு என்று கேட்டார். இரண்டு மிடறு என்றேன். குறித்துக்கொண்டு வேலுச்சாமியைக் கொண்டுபோனார்கள்.

சரோஜினி மேடம் என்னிடம் அந்தக் குவளை எங்கே என்று கேட்டார். மேடையில் அப்படியே இருந்தது. அதே மாதிரி இன்னொரு குவளையில் நாங்கள் வழக்கமாக ஊற்றும் அளவுக்கு ஊற்றச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, குறைந்த தண்ணீரை மருந்து அளக்கும் மூடியால் அளந்தார். அந்த அளவை மருத்துவமனைக்குப் போன் செய்து சொன்னார். அதற்குப் பிறகுதான் நாங்கள் இறங்கினோம். நடக்கும்போது அவர் வாயிலிருந்து என்ன வரும் என்று காத்திருந்தேன்.

"கேட்டா உடனே குடுக்கோணும்னு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது நானுங்க. எப்பக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுக்கலை. பாதித் தப்பு என்ர மேலதானுங்க" என்றார். கொஞ்ச தூரம் போய், "மீதிப் பாதிய நீங்க எழுதிக் குடுத்துருங்க" என்றார்.

எழுதினேன். பயணி கேட்டார், அவருடைய மனைவியிடம் கேட்காமல் கொடுத்தேன், பன்னிரண்டு நிமிடம் யாரிடமும் சொல்லவில்லை என்று மூன்றையும் எழுதினேன். தரைப்பணி மேலாளர் அதைப் படித்துவிட்டுக் கடைசி வரி தேவையா என்று கேட்டார். அது இல்லாவிட்டால் எனக்கு நல்லது என்றும் சொன்னார். நான் எடுக்கவில்லை. சரோஜினி மேடம் அதன் கீழே, பணியாளருக்கு இப்படிப்பட்ட பயணிகளைப் பற்றிப் பயிற்சி தரப்படவில்லை என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். என்னை நாலு மாதம் பறக்கும் வேலையிலிருந்து எடுத்து, கோவையில் விமானத்துக்குச் சாப்பாடு தயாரிக்கும் கிச்சனில் போட்டார்கள்.

வேலுச்சாமிக்கு நுரையீரலில் சளி கட்டி நிமோனியா வந்தது. ஐந்து நாள் தீவிர சிகிச்சையில் இருந்தார். அந்த ஐந்து நாளும் நான் எப்படி இருந்தேன் என்று என் மனைவிக்குத்தான் தெரியும். சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு ரயில் ஏறிச் சென்னைக்குப் போனேன். திட்டுவார்கள் என்று தயாராகத்தான் போனேன்.

சரஸ்வதியம்மா என்னை உட்காரச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கணவரின் போர்வையைச் சரிசெய்தார். பிறகு, "நீங்க சொல்லாம உட்ருந்தீங்கன்னா, நான் ஊட்டுன கஞ்சிதான்னு காலம் பூராவும் நெனச்சுட்டே கெடந்திருப்பனுங்க" என்றார்.

கட்டிலில் இருந்தவர் இடது கையால் என்னைக் கிட்டே வரச் சொன்னார். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"அன்னிக்கு... அந்தத் தண்ணி... நல்லா இருந்துச்சுங்க."

சரஸ்வதியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. எட்டு மாதமாக அவர் வெறும் தண்ணீரே குடித்ததில்லை என்று அப்போதுதான் சொன்னார்கள். விழுங்கும் தசை சோர்ந்துபோனவர்களுக்குத் தண்ணீர்தான் மோசமானதாம். வேகமாக ஓடி மூச்சுக்குழாய்க்குள் போய்விடுமாம். அதனால் தண்ணீரில் ஒரு பவுடரைக் கலந்து, கரண்டியைச் சாய்த்தால் தேன் மாதிரி மெதுவாக விழும் பதத்தில் கொடுக்க வேண்டும். சரஸ்வதியம்மா எனக்குக் கலக்கிக் காட்டினார். நிமிர்ந்து உட்கார வேண்டும், தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி விழுங்க வேண்டும், ஒரு வாய்க்கு இரண்டு முறை விழுங்க வேண்டும், நடுநடுவே பேசச் சொல்லி, குரல் ஈரமாக ஒலிக்கிறதா என்று கேட்க வேண்டும். அந்தக் கெட்டித் தண்ணீரை நானும் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தேன். தாகம் அடங்கவில்லை. அவர் அந்த இரண்டு மிடறை ஏன் கேட்டார் என்று அப்போது விளங்கியது.

வீட்டிலும் கஞ்சி பிடிக்காமல் அவர் இளைத்துக்கொண்டே வந்திருக்கிறார். இன்னும் ஒரு வருடம் மாதாமாதம் சென்னைக்குப் போக வேண்டும். விமானத்தில் மற்றவர்கள் முன்னால் ஊட்டப்படுவது அவருக்குப் பிடிக்கவில்லை, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார் என்றார் சரஸ்வதியம்மா. காரில் அத்தனை மணி நேரம் அவர் உடம்பு தாங்காது. சிகிச்சையை விட்டால் இப்போது வந்திருக்கிற பேச்சும் நின்றுவிடும்.

கிச்சனுக்குத் திரும்பினேன். எங்கள் பட்டியலில் சர்க்கரைக்காரருக்கு ஒரு சாப்பாடு, ஜைனருக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று என்று பல இருந்தன. விழுங்க முடியாதவருக்கு ஒன்றும் இல்லை. பட்டியலில் இல்லாததைச் செய்ய முடியாது என்றார் கிச்சன் பொறுப்பாளர். சரோஜினி மேடம் மருத்துவமனையில் விழுங்கும் பயிற்சி தருகிறவரிடம் ஒரு கடிதம் வாங்கி, அதை எடுத்துக்கொண்டு மூன்று அலுவலகம் ஏறி இறங்கி, சோதனைக்காக ஒரு தட்டு மட்டும் என்று அனுமதி வாங்கி வந்தார்.

சோறும் பருப்பும் சேர்த்து அரைத்து வடிகட்டினோம். கோழி தனியாக, காரட் தனியாக. விதை, தோல், நார் எதுவும் இருக்கக் கூடாது; தண்ணீரும் கட்டியும் கலந்து வரக்கூடாது. முதல் தட்டை ஒரு டிபன் கேரியரில் வைத்து நெருப்பெரிச்சலில் அவர் வீட்டுக்கே கொண்டுபோனேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஷேடு சரியில்லீங்க" என்றார்.

பனியன்காரர்கள் துணியின் நிறத்துக்குச் சொல்லும் அந்தச் சொல் வந்ததும் சரஸ்வதியம்மா சிரித்துவிட்டார். உண்மைதான், எல்லாம் ஒரே மஞ்சளாக, துணிக்குப் போடும் கஞ்சிப்பசை மாதிரி இருந்தது. அடுத்த வாரம் கீரையைப் பச்சை மாறாமல் அரைத்து, பீட்ரூட்டைத் தனியாக வைத்து, கோழிக்கு மிளகும் கொத்தமல்லியும் சேர்த்துக் கொண்டுபோனேன். அதில் உப்பு போதவில்லை. மூன்றாவது தடவை ஒவ்வொன்றையும் சின்ன அச்சில் வைத்து உருவம் கொடுத்திருந்தோம். அன்றைக்கு அவர் ஒரு காகிதத்தை எடுக்கச் சொல்லி, இடது கையால், கோணலாக, மாதிரித் துணிக்கு பையர்கள் எழுதுவதைப் போல 'சாம்பிள் ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தக் காகிதத்தைக் கிச்சன் பொறுப்பாளர் சுவரில் ஒட்டி வைத்தார்.

நாலு மாதம் முடிந்து நான் விமானத்துக்குத் திரும்பிய வாரம், அந்தத் தட்டை நம்பி வேலுச்சாமியும் சரஸ்வதியம்மாவும் மறுபடி எங்கள் விமானத்தில் பயணம் செய்தார்கள். அதே இரண்டாவது வரிசை. சூடான துண்டை மற்றவர்களுக்குக் கொடுத்த மாதிரியே அவருக்கும் கொடுத்தேன். அதே துணியை விரித்தேன். இடது கை விரல்களால் தேய்த்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அவர் முறை வந்தபோது தட்டை வைத்தேன். இடது கைக்காரருக்கென்று எல்லாவற்றையும் மாற்றி அடுக்கியிருந்தேன்; கோப்பையின் காது எட்டு மணி காட்டியது. கெட்டித் தண்ணீர் மற்றவர்களுக்கு வைத்த அதே கண்ணாடிக் குவளையில் இருந்தது, பக்கத்தில் ஒரு சின்னக் கரண்டி.

முன்வரிசைக்காரர் சாப்பிட்டுக்கொண்டே செய்தித்தாள் படித்தார். பக்கத்து வரிசையில் யாரோ நூல் விலை பேசினார்கள். ஒருவரும் வேலுச்சாமியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் தாடையைத் தாழ்த்தி, ஒரு வாய்க்கு இரண்டு முறை விழுங்கி, நிதானமாகச் சாப்பிட்டார். சரஸ்வதியம்மா இடையிடையே ஏதாவது கேட்பார், அவர் பதில் சொல்வார், குரல் தெளிவாக இருக்கும். சரஸ்வதியம்மாவும் அன்றைக்குத்தான் தன் தட்டைச் சூடாகச் சாப்பிட்டார். நான் திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

தட்டு காலியானது. கீரை இருந்த இடத்தைக் கரண்டியால் வழித்தும் எடுத்துவிட்டார். நான் எடுக்கப் போனேன். அவர் தட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொண்ணு... இருக்குதுங்களா?"

முதல் வகுப்பில் அத்தனை வருடம் வேலை பார்த்ததில் இல்லை என்று சொல்ல வேண்டி வந்தபோதெல்லாம் எனக்குக் கஷ்டமாக இருக்கும். அன்றைக்கு மட்டும் சந்தோஷமாக இருந்தது. "இல்லீங்க, ஒண்ணுதான் ஏத்துனோம்" என்றேன்.

ஏமாற்றத்தோடு தட்டை விட்டார். சென்னையில் இறங்கியதும் முதல் வேலையாகக் கோவைக் கிச்சனுக்குப் போன் செய்து, அடுத்த மாதம் அவருக்கு இரண்டு தட்டு ஏற்றச் சொன்னேன்.